பூவாத்தாள் கண்ணின் வெள்ளை

பூவாத்தாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் மஞ்சளாக இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில், சக்கரம் வைத்த கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு பேர் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவு வரைக்கும் நானும் கூடவே நடந்தேன். அதற்கு மேல் வரக்கூடாது என்றார்கள், நின்றுவிட்டேன். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நகம் மஞ்சள், விரலிடுக்கு மஞ்சள், மணிக்கட்டின் நரம்போடும் இடம்கூட மஞ்சள். கதவு மூடுவதற்கு முன்னால் தலையை என் பக்கம் சாய்த்து, "ஏனுங்க, பாத்தீங்களா, மஞ்ச தேச்சுக் குளிச்சாப்புலயே இருக்குதுங்க" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு முன்னால் நாலு மாதமாக அவள் மஞ்சள் நிறத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் ஊருக்குள் யாருமே பார்க்கவில்லை. அதை ஊரிலிருந்து எடுத்தவன் நான்.

எங்கள் ஊர் நெருஞ்சிப்பாளையம். மூன்று பக்கம் கரடு, நாலாவது பக்கம் வாய்க்கால், வாய்க்கால்மேல் ஒரு லாரி மட்டும் போகிற அகலத்தில் பாலம். பாலத்துக்கு இக்கட்டால இருப்பது ஊர், அக்கட்டால இருப்பதெல்லாம் வெளியூர், அப்படித்தான் நாங்கள் பேசுவோம். ஊர் முழுக்க மஞ்சள் விவசாயம். தை பிறந்தால் கிழங்கைத் தோண்டி, கொப்பரையில் வேகவைத்து, களங்களில் பரப்பிக் காயவைப்பார்கள். மாசி முடியும்வரை சுவர், சட்டை, மாட்டுக் கொம்பு, நாய்க் கால் எல்லாம் மஞ்சளாக இருக்கும். அந்த மாதங்களில் எங்கள் ஊரிலிருந்து வெளியூர் போகிறவனைப் பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டர் கண்டுபிடித்துவிடுவார்.

நான் மின்சார வாரியத்தில் வயர்மேனாக இருந்தவன். நாற்பத்திரண்டாவது வயதில் கம்பத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, எட்டு மாதம் மல்லாந்து கிடந்தேன். பூவாத்தாள்தான் எங்கிருந்தோ ஒரு கலர் பெட்டியை வாங்கிவந்து கொடுத்தாள். "சும்மா மோட்டையே பாத்துட்டுக் கெடக்காம எதையாச்சும் கிறுக்குங்க" என்றாள். கிறுக்கினேன். முதலில் தலைக்கு மேலே தெரிந்த கூரை ஓடுகளை, பிறகு ஜன்னலை, பிறகு ஜன்னலில் தெரிந்த கம்பத்தை, கம்பத்தில் உட்கார்ந்த காக்கையை. எழுந்து நடமாடிய பிறகும் விடவில்லை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதனால் வீட்டில் படங்களுக்கு இடம் இருந்தது.

அவளை வரைந்தது அந்தத் தை மாதத்தில். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஜன்னலோரம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மொச்சை உரிக்கச் சொன்னேன். பதினோரு நாள் உரித்தாள்.

"மாலை போடறதுக்குப் படம் எழுதறாப்புல உக்கார வெச்சிருக்கறீங்க" என்றாள்.

"பேசாத. வாய் அசையுது."

"வாயை மூடியே வெச்சுத்தான் எழுதுவீங்களாக்கும். அப்பறம் பாக்கறவங்க இது உங்க பொண்டாட்டின்னு எப்படி நம்புவாங்க?"

கண்ணுக்கு வந்தபோது, கண்ணின் வெள்ளைக்காக வெள்ளைப் பெயிண்டைப் பிதுக்கினேன். பிறகு என் கை மஞ்சள் டியூபுக்குப் போனது. ஒரு கடுகளவு எடுத்துக் கலந்தது. நான் யோசித்து வரைகிறவன் இல்லை. கண்ணுக்குத் தெரிவதைக் கை வரையும், நான் பக்கத்தில் இருப்பேன். அன்று யாராவது கேட்டிருந்தால், எதிர்க்களத்தில் காய்கிற மஞ்சளின் வெளிச்சம் என்று சொல்லியிருப்பேன்.

சென்னையில் ஒரு கலைக்கூடத்தில், தாமாகவே வரையப் பழகியவர்களுக்கென்று கண்காட்சி நடத்துகிறார்கள் என்று பேப்பரில் பார்த்து எழுதிப்போட்டேன். முதலில் ஓவியத்தின் போட்டோவை அனுப்புங்கள், தேர்வானால் ஓவியத்தை அனுப்பலாம், சுவரோ சட்டமோ போட்டோவில் தெரியக்கூடாது, நிறம் மாறியிருக்கக்கூடாது என்று பதில் வந்தது.

தான் வரைந்த படத்தைத் தானே போட்டோ எடுப்பது, அதை வரைவதைவிடச் சிரமம். சுவரில் மாட்டி எடுத்தால் மேல்பக்கம் குறுகிப்போகிறது. வெளிச்சத்தில் எடுத்தால் எண்ணெய் பளபளக்கிறது, நிழலில் எடுத்தால் மொச்சைக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், முப்பது எடுத்து அதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். அந்த ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, நாலு மூலையையும் இழுத்து நேராக்கினேன், ஓரத்தில் தெரிந்த சுவரை வெட்டினேன், கேன்வாஸில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கொசுவை அழித்தேன். எல்லாம் ஆன பிறகும் போட்டோ மஞ்சளடித்துத்தான் இருந்தது. களத்து வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து படத்தின் மேல் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். படத்தைத் திருத்துகிற அந்த மென்பொருளில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும். உனக்கு வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் அதை வைத்து அழுத்து, மற்ற நிறங்களை அதுவே சரிசெய்துவிடும் என்று யூடியூபில் ஒரு பையன் சொல்லியிருந்தான். படத்தில் வெள்ளையைத் தேடினேன். சுவர் காவி, சேலை நீலம், முறம் பழுப்பு, மொச்சை பச்சை. வெள்ளை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவள் கண்ணின் வெள்ளை ஒன்றுதான். இடது கண்ணின் ஓரத்தில் அந்தக் குழாயை வைத்து அழுத்தினேன்.

மஞ்சள் போனது. ஒரு துணியை உருவுவதுபோல முழுப் படத்திலிருந்தும் போனது. அவள் கண் பளிச்சென்று ஆனது. நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பழைய ஃபைலுக்கு மேலேயே சேவ் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

அடுப்படியிலிருந்து பூவாத்தாள் கூப்பிட்டாள். "ஏனுங்க, இங்க வாங்க. பருப்பு வெள்ளையாக் கொதிக்குது."

போய்ப் பார்த்தேன். பருப்பு, அரிசி கழுவின தண்ணீர் நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அஞ்சறைப்பெட்டியில் மஞ்சள்தூள் இருந்த கிண்ணத்தில் சாம்பல் மாதிரி ஒன்று இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், மஞ்சள்தூள்தான். அவள் தாலிக்கயிற்றை எடுத்துப் பார்த்தாள், அது பஞ்சுநூல் நிறத்தில் இருந்தது. வெளியே வந்தோம். எதிர்க்களத்தில் ஏழெட்டுப் பெண்கள் கிழங்கைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவர்கள், கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காலடியில் களம் முழுக்கச் சாம்பல் நிறமாக விரிந்து கிடந்தது. பக்கத்துத் தோட்டத்து வாழையிலை புறாக்கழுத்து மாதிரி நீலம் பாய்ந்திருந்தது. ஒரு பெண் குனிந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து, உடைத்து, உள்ளே பார்த்தாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு மறுபடியும் கிளற ஆரம்பித்தாள். காய வேண்டியது காய்ந்துதானே ஆகவேண்டும்.

சாயங்காலம் மயில்சாமியின் டீக்கடையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். என்னைக் கண்டதும் மயில்சாமி, "வாங்க சென்னியண்ணா. நீங்க ரிடையர் ஆனாலும் ஆனீங்க, வோல்டேஜ் கொறஞ்சு கலரே ஒண்ணு அணைஞ்சு போச்சுங்க" என்றான். சிரித்தார்கள்.

"கரண்டு இல்ல மயில்சாமி. நான்தான் எடுத்துட்டேன்" என்று நடந்ததைச் சொன்னேன்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் ஒரு காரியத்தைச் செய்ததாகச் சொன்னால், செய்திருப்பான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பேரூராட்சித் தலைவர் ராக்கியப்பன் டீயை ஆற்றிக்கொண்டே, "எடுத்த எடத்துல திருப்பி வெச்சிருங்க. ஒரு நாள் ரெண்டு நாள் ஆனாலும் பரவால்லீங்க" என்றார்.

"பழைய போட்டோ இல்லீங்க. அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுப் பண்ணக்கூடாதுங்களா?" என்றான் மயில்சாமி. "என்ற மருமவன் கலியாண போட்டோவை மூணு எடத்துல போட்டு வெச்சிருக்கறான். இத்தனைக்கும் அதுல அவன் மூஞ்சியே நல்லாயில்ல."

இரண்டு நாள் முயன்றேன். மறுபடியும் போட்டோ எடுத்தேன், ஆனால் ஓவியத்திலேயே இப்போது மஞ்சள் தெரியவில்லை. அளவை மஞ்சள் பக்கம் இழுத்து இழுத்து சேவ் செய்து, ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். இதுதான் வெள்ளை என்று நான் சொன்ன பேச்சு அந்த ஒரே ஒரு தடவைதான் செல்லுபடியானது.

மூன்றாம் நாள் பாலம் தாண்டி வெளியூர் போய்வந்த ஒரு லாரி டிரைவர் சொன்ன பிறகுதான் மற்றது தெரிந்தது. மஞ்சள் ஊரைவிட்டுத்தான் போயிருக்கிறது, உலகத்தைவிட்டு இல்லை. பாலத்தின் இக்கட்டால ஒரு விரலியைக் கையில் பிடித்தால் சாம்பல், நாலு எட்டு நடந்து அக்கட்டால போனால் மஞ்சள். ஊரே போய் நடந்து பார்த்தது. குடும்பம் குடும்பமாக எலுமிச்சம்பழம், பித்தளைச் சொம்பு, செவ்வந்திப்பூ என்று எடுத்துக்கொண்டுபோய் அக்கட்டால நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். பூவாத்தாளையும் கூப்பிட்டேன்.

"கால் ஓயுதுங்க. நான் பாக்காத மஞ்சளா? நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

பிறகு ஊர் தன் காரியங்களை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டது. வியாபாரிகள் தராசையும் சாக்கையும் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு அந்தப்பக்கம் போய்க் கொட்டகை போட்டார்கள். கல்யாண வீட்டில் தாலிக்கயிற்றை அக்கட்டால நின்று மஞ்சளில் நனைத்து, அது மஞ்சளானதை இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு ஊருக்குள் கொண்டுவருவது என்று முடிவானது. அக்கட்டாலயே கட்டிவிடலாமே என்று ஒரு மாப்பிள்ளை கேட்டதற்கு, "வெளியூர்ல தாலி கட்ட எங்க பொண்ணென்ன ஓடியா வந்துச்சு?" என்று பெண்வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்குச் சாட்டியபோது மஞ்சள் நீராட்டு வேண்டுமா வேண்டாமா என்று பெரிய பேச்சு நடந்தது. கடைசியில் வழக்கம்போலவே அண்டாவில் கரைத்து ஊற்றினார்கள். சட்டையில் கறை தெரியாததால் யார்மேல் ஊற்றியாயிற்று, யார்மேல் ஊற்றவில்லை என்று முறைமாமன்களுக்குத் தெரியாமல், ஒரே ஆள் ஏழு தடவை நனைந்து ஜன்னி கண்டு படுத்தான்.

சில பேருக்கு இது பிடித்தும் போனது. பல் எல்லோருக்கும் வெள்ளையாக இருந்தது. பழைய வேட்டிகள் புதிதானது போல இருந்தன. வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களைத் தவிர ஊரில் எல்லோரும் ஆரோக்கியமாகத் தெரிந்தார்கள். முக்கியமாக ஒன்று. வருஷா வருஷம் வெயில் ஏறினால் எங்கள் ஊரில் பத்துப் பேருக்காவது மஞ்சக்காமாலை வரும், வாய்க்கால் தண்ணீர் அப்படி. அந்த வருஷம் ஒருவருக்கும் வரவில்லை. கிராம நர்ஸ் ஜெசிந்தா வீடு வீடாக வந்து, இமையை இழுத்துப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

"ஒரு கேஸ்கூட இல்லண்ணா. மேல இருந்து பாராட்டி லெட்டர் வந்திருக்குது" என்று என்னிடம் காட்டினாள். "நீங்க செஞ்சதுல ஒரு நல்லதும் நடந்திருக்குது பாருங்க."

ராக்கியப்பன் அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார். சட்டம் போட்டுக் கொடுத்தவன் நான். சட்டம் போடும்போது நானும் சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை.

சித்திரையில் மயில்சாமியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நானும் பூவாத்தாளும் போய்ப் பார்த்தோம். என்ன நிறம், என்ன நிறம் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். கண் படும் என்று கன்னத்தில் பெரிதாக மை வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிக்க மறந்தது, ஆறாம் நாள் அழ மறந்தது, ஏழாம் நாள் உடம்பை வில்லாக வளைத்தது, மயில்சாமி தன் வேனை எடுப்பதற்குள் முடிந்துபோனது. கண்பட்டுவிட்டது என்றார்கள். வாய்க்காலைத் தாண்டாமலே, மயில்சாமியின் சொந்தக் காட்டு மூலையில் புதைத்தார்கள். நானும் போயிருந்தேன். ஈர மண்ணில் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. வராத நோயை யார் நினைப்பார்கள்?

பூவாத்தாளுக்கு அதற்கு முன்பிருந்தே சோறு இறங்காமல் இருந்தது. பிறகு அரிப்பு வந்தது. உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு. முதுகுக்கு அவள் கை எட்டாததால், பெரிய தூரிகையின் கட்டையை வைத்து நான் சொறிந்துவிடுவேன். "வரையறீங்களா, சொறியறீங்களா?" என்பாள். ஊரில் இருந்த டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தார். "கண்ணு பளிச்சுன்னு இருக்குது, ஒண்ணுமில்ல, கேஸ் ட்ரபிள்" என்று டானிக் எழுதிக்கொடுத்தார். ஜெசிந்தாவும் பார்த்தாள்.

"ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுதுங்க்கா?"

"தண்ணியாட்டந்தான் போகுது, கண்ணு."

"அப்ப காமாலை இல்ல" என்று எழுதிக்கொண்டாள்.

இதற்கிடையில் போட்டோ தேர்வாகிவிட்டது என்று சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஓவியத்தைத் துணி சுற்றி, மரப்பெட்டி அடித்து, ஆணி இறக்கி, பார்சல் லாரியில் ஏற்றிவிட்டேன். பெட்டியை மூடும்போது கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். பூவாத்தாளும் எட்டிப் பார்த்தாள். "கண்ணு நல்லா எழுதியிருக்கறீங்க. வெள்ளை வெளேர்னு" என்றாள்.

ஆனி மாதம் ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு போன் வந்தது. கலைக்கூடத்திலிருந்து ஒரு பெண். நிரஞ்சனா என்று பெயர் சொன்னாள்.

"சார், பெட்டியை இப்பத்தான் பிரிச்சோம். ரொம்ப நல்லா இருக்கு சார். ஒரே ஒரு சந்தேகம். நீங்க அனுப்பின போட்டோவுக்கும் ஓவியத்துக்கும் கலர் ஒத்துப்போகல."

"எப்படிம்மா?"

"போட்டோவுல எல்லாமே கொஞ்சம் நீலமா இருக்கு. அது பரவாயில்ல, சரி பண்ணிக்கலாம். ஆனா அந்த அம்மாவோட கண்ணு போட்டோவுல வெள்ளையா இருக்கு. ஓவியத்துல மஞ்சளா இருக்கு சார். வார்னிஷ் ஏதும் கசிஞ்சிருக்குமோன்னு ஒரு பயம்."

"வார்னிஷ் அடிக்கலம்மா."

"அப்ப நீங்களே மஞ்சளாத்தான் வரைஞ்சீங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். பூவாத்தாள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கண்கள் கழுவி வைத்த பீங்கான் மாதிரி இருந்தன.

"ஆமாம்மா. அப்படித்தான் இருந்துச்சு" என்றேன்.

"சரி சார். மஞ்சளாவே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.

மயில்சாமியிடம் ஆம்னி வேன் இருந்தது. டீக்கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தான். பூவாத்தாளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். "எங்கீங்க போறோம்?" என்றாள். "பாலத்துக்கு. உனக்குத்தான் காட்டவே இல்லையே" என்றேன்.

வேன் பாலத்தின் மேல் ஏறி, நடுவில் வந்து, இறங்கியது. இறங்கியதும் அவள் மஞ்சளானாள். முகம், கழுத்து, கை, என் வேட்டியின்மேல் கிடந்த காது. கண்ணைத் திறந்தாள். கண்ணில் வெள்ளை என்று ஒன்று இல்லவே இல்லை. தை மாதம் என் கை கலந்த கடுகளவு இப்போது கண் முழுக்க ஆகியிருந்தது.

மயில்சாமி கண்ணாடியில் பார்த்து வண்டியை நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ரோட்டோரம் வியாபாரிகளின் கொட்டகையில் மஞ்சள் குவியல் குவியலாகக் கிடந்தது, அதையும் பார்த்தான், திரும்பிப் பூவாத்தாளையும் பார்த்தான்.

"சென்னியண்ணா" என்றான். "அந்தக் கொளந்தையும் இப்படித்தான் இருந்திருக்கும்."

அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன், இறக்கிவிடுவான் என்றுகூட நினைத்தேன். அவன் முகத்தைத் துண்டால் ஒரு தடவை துடைத்துக்கொண்டு, கியரைப் போட்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினான்.

பித்தப்பையிலிருந்து வருகிற குழாயில் கல் அடைத்திருக்கிறது, உள்ளே சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சின்ன வயது டாக்டர், கோபக்காரர். "மாசக்கணக்கா இருந்திருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா சாதாரணமா எடுத்துப் போட்டிருப்போம். கண்ணைப் பார்த்தாலே தெரியுமே! வீட்டுல யாருமே இவங்க கண்ணைப் பார்க்கலையா?" என்று கேட்டார்.

"நான் பார்த்தேன்" என்றேன்.

பிறகுதான் அந்த வராந்தாவும் கண்ணாடிக் கதவும். மறுநாள் விடிந்து ஏழு மணிக்கு வெளியே வந்து சொன்னார்கள்.

அதே வேனில் கொண்டுவந்தோம். பாலத்தைத் தாண்டும்போது நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மஞ்சள் இறங்கியது. வீடு வந்து சேர்ந்தபோது நோயே இல்லாதவள் மாதிரி இருந்தாள். ஊர்ப் பெண்கள் அவளை வாசலில் கிடத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து, சாம்பல் நிறத்தில் இருந்த மஞ்சளைக் குழைத்து, முகத்திலும் கையிலும் பாதத்திலும் பூசிக் குளிப்பாட்டினார்கள். பூசின இடமும் பூசாத இடமும் ஒன்றாக இருந்ததால், விடுபட்டுவிடக் கூடாதென்று ஒருத்தி கையைப் பிடித்து ஒருத்தி காட்டிக் காட்டிப் பூசினார்கள். "மஞ்சக் குங்குமத்தோட போயிட்டா, குடுத்து வெச்சவ" என்று யாரோ அழுதார்கள். நான் தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினாறு கும்பிட்ட அன்று ராக்கியப்பனும் மயில்சாமியும் ஜெசிந்தாவும் வீட்டுக்கு வந்தார்கள். யாரும் என்மேல் பழி சொல்லவில்லை. ஜெசிந்தா மட்டும் தன் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்காராமல், திரும்பத் திரும்ப, "நான்தானுங்கண்ணா எழுதினேன், இல்லைன்னு நான்தான் எழுதினேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டம் போட்ட கடிதத்தை ராக்கியப்பன் கழற்றிவிட்டதாகச் சொன்னார். சட்டத்தை எனக்கே திருப்பிக் கொண்டுவந்திருந்தார், கண்ணாடியோடு.

அன்றைக்குப் பேசி முடிவானதுதான் இப்போது ஊர் வழக்கம். பிறந்த குழந்தையை மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் பாலம் தாண்டிக் கொண்டுபோய்க் கண் பார்க்க வேண்டும். தீட்டு என்று யாரும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர்கள் அமாவாசைக்கு அமாவாசை போகவேண்டும். இதற்குப் பாலம் காட்டுவது என்று பெயர். முதலில் பயந்து பயந்து போனார்கள். இரண்டாம் வருஷம் மாமன் வீட்டுச் சீர் வந்தது, மூன்றாம் வருஷம் மேளம் வந்தது, இப்போது பத்திரிகை அடிக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து இது என்ன விசேஷம் என்று கேட்டால், குழந்தை மஞ்சளா என்று பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

ஓவியத்தைச் சென்னையில் ஒருவர் கேட்டாராம். நான் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதினேன். பெட்டி வந்த அன்று ஜெசிந்தா, "அண்ணா, அதை அக்கட்டாலயே எறக்கிக்கலாங்களா?" என்றாள். "வர்ற அம்மணிகளுக்குக் கண்ணுல மஞ்சள் இருந்தா எப்படி இருக்கும்னே ஞாபகமில்ல. சின்னப் பொண்ணுங்க. எல்லாமே மஞ்சளாத் தெரியுதுன்னு பயந்துக்கறாங்க, இல்லாட்டி ஒண்ணுமே தெரியலீங்கறாங்க. காட்டறதுக்கு ஒண்ணு வேணும்."

பாலத்துக்கு அந்தப்பக்கம் பேரூராட்சி கட்டிய கொட்டகையில் படத்தை நானே மாட்டினேன். கடிதத்துக்குப் போட்ட சட்டத்தையே அளவு கூட்டிப் போட்டேன். அதன் கீழே குழந்தையைத் தூக்கிப் பிடித்து, டார்ச் அடித்து, "பூவாத்தா கண்ணாட்டம் இருக்குதா, பாருங்க" என்று ஜெசிந்தா கேட்பாள். தாய்மார்கள் படத்தைப் பார்ப்பார்கள், குழந்தையைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். மயில்சாமியின் மகளுக்கு அடுத்துப் பிறந்த பையனுக்கு, அப்படித்தான் இருக்கிறது என்று ஐந்தாம் நாள் அவளே சொன்னாள். அவனை மயில்சாமி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நீல விளக்கின் கீழே மூன்று நாள் படுக்கவைத்துத் திருப்பிக் கொண்டுவந்தான். இப்போது ஏழாவது படிக்கிறான். அவனோடு சேர்த்து இதுவரை ஒன்பது பேர் இப்படிப் பிழைத்திருக்கிறார்கள்.

ஊருக்குள் மஞ்சள் இன்னும் வரவில்லை. கொட்டகையில் ஒரு பெஞ்சும் ஒரு டார்ச்லைட்டும் படமும் இருக்கின்றன. அன்று நான் சேவ் செய்த போட்டோ என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் அவள் கண் வெள்ளை.